மிஸ்டு கால் வராத மத்தியானம்

முழு ரிங்கும் போய், எடுக்க ஆளில்லாமல் தானாகவே கட் ஆனது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்ற குருவம்மாள், போனைக் காதிலிருந்து எடுத்து, அதுதான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல முறைத்தாள். மறுபடி அழுத்தினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் மகள் பிரீத்திகாவுக்கு உள்ளங்கை வேர்த்து, ஏணிக்கால் வழுக்கியது.

"பொகை தெரியுதாம்மா?"

கேட்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதால் கேட்டாள். எந்தத் திசையிலும் எந்தப் புகையும் தெரியப்போவதில்லை என்று அந்த ஊரில் உறுதியாகத் தெரிந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி.

"மேக்கால ஒண்ணு தெரியுதுடி. வெள்ளையாத்தான் இருக்கு. வெள்ளைன்னா செங்கச் சூளைதான?"

"ஆமாம்மா, சூளைதான். வேற ஒண்ணுமில்ல."

"நீ கீழ நிக்க. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

பிரீத்திகா வாயை மூடிக்கொண்டாள். பொய் சொல்லுகிறவள் அதிகம் பேசக்கூடாது என்கிற முதல் பாடம்கூடத் தெரியாமல் இந்தத் தொழிலில் இறங்கிவிட்டாள்.

பக்கத்து மாடியில் ராமுத்தாய் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கத்தினாள். "குருவு! அண்ணன் எடுத்தாகளா?"

"இல்ல மதினி. ரிங்கு போகுது, எடுக்க மாட்டேங்காக."

"எம்மருமகளும் எடுக்கல. ரெண்டு பேரும் ஒரே கம்பெனிதான? ரெண்டு பேரும் எடுக்கலன்னா..."

"வாய மூடுங்க மதினி!"

ஆனைக்குட்டத்துக்கும் சிவகாசிக்கும் நடுவே இருந்த அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். சத்தம் அங்கே பெரிய விஷயமில்லை. கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பது, குவாரியில் வேட்டு வைப்பது, கல்யாண வீட்டில் சரம் கொளுத்துவது, இதற்கெல்லாம் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூடப் புரண்டு படுக்காது. ஆனால் 'தும்' என்று ஒரு சத்தம் இருக்கிறது. காதுக்கு வருமுன் உள்ளங்கால் வழியாக வந்துவிடும். ஜன்னல் கம்பி ஒரு தரம் நடுங்கும். அதைக் கேட்டால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு மாடி ஏறுவார்கள். எந்தப் பக்கம், புகை என்ன நிறம் என்று பார்ப்பார்கள். அப்புறம் போன் அடிப்பார்கள்.

போனை யாரும் எடுக்கப்போவதில்லை, அதுவும் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குள் செல்போன் ஆகாது. கேட்டில் வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும், அத்தனை பேர் போனும் அதற்குள் கிடக்கும். அதனால் பிரீத்திகாவின் அப்பா சோலைமலை தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். எங்கே 'தும்' கேட்டாலும், அது யார் கம்பெனியாக இருந்தாலும், போர்மேன் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு ரிங். பேச்சுக் கிடையாது, பின்னால் மற்றவர்கள் அவரவர் போனுக்கு முண்டிக்கொண்டு நிற்பார்கள். நான் இருக்கேன் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு ரிங் வரும்வரை குருவம்மாள் மூச்சு விடுகிறாளா இல்லையா என்று சொல்வது கஷ்டம்.

இன்று அந்த ரிங் வரவில்லை. வரவும் செய்யாது. ஏனென்றால் இன்றைய 'தும்' சோலைமலையின் காதில் விழவே இல்லை. அதைத் தயாரித்து வெளியிட்டது பிரீத்திகா.

எல்லாம் கொடைக்கானலால் வந்தது. பள்ளிக்கூடத்தில் டூர் என்று அறிவித்த அன்றே, "வயசுப் பிள்ளை ராத்திரி வெளியூர்ல தங்குறதாவது" என்று குருவம்மாள் அந்தப் பேச்சைக் குழம்பில் தாளிப்புப் போடுகிற வேகத்தில் முடித்துவிட்டாள். பிரீத்திகா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், சாப்பிடாமல் இருப்பது ஒருவேளைக்கு மேல் தாங்கவில்லை. கடைசியில், கூடப் படிக்கும் ஜெபிஷாவிடம் போய் நின்றாள்.

ஜெபிஷாவின் அம்மா ஜெயசீலி, டீச்சர். பரீட்சைக்கு முன்னால் மகளின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பொழுதுபோகாமல் ஜெபிஷா அம்மாவின் பழைய பி.எட். புத்தகங்களை எடுத்துப் படித்துவிட்டாள். அந்த ஒரு வாரத்தில் நடந்த சேதம் இது. போன் திரும்பக் கிடைத்த பிறகும் அந்தப் பாடம் அவளை விடவில்லை.

"ஏட்டி, ரஷ்யாவுல ஒரு டாக்டரு நாய வச்சு ஆராய்ச்சி பண்ணிருக்காரு. சோறு வைக்கிறதுக்கு முன்னாடி மணியடிப்பாராம். தெனமும் மணி, சோறு, மணி, சோறு. கடைசியில சோறே வைக்காம மணிய மட்டும் அடிச்சா, நாயிக்கு வாயெல்லாம் எச்சி ஊறுதாம்."

"பாவம்டி நாயி."

"நாயி ஒண்ணும் பாவமில்ல. நீதான் பாவம். போன மாசம் கெமிஸ்ட்ரி பீரியட்ல எங்கனயோ 'தும்'முனு கேட்டுச்சுல்ல? எல்லாப் பிள்ளையளும் பேயறஞ்சாப்ல ஒக்காந்திருக்கு. நீ மட்டும் நாக்கச் சப்புக் கொட்டுன. நான் பாத்தேன்."

பிரீத்திகாவுக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால் நிறையவே வந்தது.

விஷயம் என்னவென்றால், சோலைமலைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்த நாளில் 'தும்' கேட்கிறதோ அந்த நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எண்ணெயில் பொரித்த பரோட்டா வாங்கி வருவார். விருதுநகர் பக்கத்துப் பரோட்டா, அப்பளம் மாதிரி நொறுங்கும், சால்னாவில் ஊறினால் தனி ருசி. போனஸ் வந்த நாளில்கூட வாங்காத மனிதர், அன்று மட்டும் வாங்குவார். உயிரோடு வீடு திரும்பியதைச் சொல்வதற்கு அவருக்கு வேறு பாஷை தெரியவில்லை. பிரீத்திகாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே வரிசைதான்: முதலில் சத்தம், அம்மா மாடி ஏறுவது, மிஸ்டு கால், அம்மா அழுதுகொண்டே சிரிப்பது, பரோட்டா. பயம் பாதியில் கழன்று விழுந்துவிட்டது. இரண்டு முனை மட்டும் அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டன: 'தும்', பரோட்டா.

"இதுக்குப் பேரு ஆக்கநிலையுறுத்தம்" என்றாள் ஜெபிஷா.

"அந்தப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பரோட்டா ஆறிப்போயிரும்."

"நக்கலு வேற. இன்னொண்ணும் இருக்கு. ஒனக்கு சைக்கிளு எப்பக் கெடச்சுது?"

யோசித்தாள். ஒரு 'தும்' அன்று, மிஸ்டு கால் வந்த மறு நிமிஷம்.

"போனு?"

அதுவும்.

"பயாலஜி குரூப்பு?"

அதுவும்தான். மிஸ்டு கால் வந்து, அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன கேட்டாலும் கிடைக்கும் என்பதை யாரும் சொல்லித்தராமலே பிரீத்திகா கண்டுபிடித்திருந்தாள். அதைத் தன்னுடைய புத்திசாலித்தனம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எலி பாடம்" என்றாள் ஜெபிஷா. "கூண்டுக்குள்ள எலி சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும். தற்செயலா ஒரு பொத்தான மிதிச்சா சாப்பாடு விழும். அப்புறம் அதுக்கு அந்தப் பொத்தானவிட்டா வேற சோலியே இல்ல. விழுகுற சாப்பாட்டுக்கு வலுவூட்டின்னு பேரு."

"நாயி, எலி... மனுசியா ஒரு பாடத்துலகூட நான் வரலையாடி?"

"இனிமே வருதான்னு படிச்சுச் சொல்லுதேன். இப்ப ஒனக்குக் கொடைக்கானல் வேணுமா வேண்டாமா?"

"வேணும். ஆனா 'தும்' கேக்கணுமே. மழை சீசன், பாதி நாளு கம்பெனியே லீவு. எப்பத்தான் கேக்குமோ..."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டாள். ஜெபிஷாவும் கேட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேப்பமரத்தில் காக்கா உட்கார்ந்திருப்பதை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார்கள்.

"நெசமா வெடிக்கணும்னு நெனைக்கிறது பாவம்" என்றாள் ஜெபிஷா, மெதுவாக. அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். "பொய்யா ஒண்ணு வெடிச்சா?"

இரண்டு பேர் மனசாட்சிக்கும் இது உடனே பொருந்திவிட்டது. நிஜத்துக்கு ஆசைப்படாமல் இருப்பதற்காகப் பொய்யாக வெடிப்பது ஏறக்குறைய புண்ணியம்.

ஊருக்குப் பின்னால் கருவேலங்காட்டில் தண்ணீர் வற்றிய பழைய கிணறு ஒன்று இருந்தது. தீபாவளிக்கு மிஞ்சிய ஆட்டம்பாம் வீட்டில் இருந்தது, அந்த ஊரில் அரிசி இல்லாத வீடு இருக்கலாம், ஆட்டம்பாம் இல்லாத வீடு இருக்காது. வெளியில் வைத்து வெடித்தால் அது வெறும் ஆட்டம்பாம், எந்த அம்மாவும் ஏமாறமாட்டாள். கிணற்றுக்குள் வெடித்தால்தான் அந்த அடிவயிற்றுச் சத்தம் வரும். சனிக்கிழமை, உலை வைக்கிற நேரமாகப் பார்த்து வெடித்தார்கள். பிரீத்திகா பயர்ஒர்க்ஸின் முதல் தயாரிப்பு. அது எவ்வளவு அசலாக இருந்தது என்றால், திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவந்து கருவேலமரத்துக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்ற முதலாளியம்மாவுக்கே வாயில் எச்சில் ஊறியது.

பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து, எதுவும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்து, மிஸ்டு காலுக்குக் காத்திருந்தாள். அம்மா மாடிக்கு ஓடினாள், திட்டப்படி. ராமுத்தாயும் ஓடினாள், அது திட்டத்தில் இல்லை. தெருவே மாடி ஏறியது, அதுவும் இல்லை. அம்மாவை ஏமாற்ற வைத்த சத்தம் அம்மாவோடு நிற்கும் என்று நினைத்திருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அடுத்தது உறைத்தது. அப்பாவின் கம்பெனி எங்கேயோ இருக்கிறது. கருவேலங்காட்டுக் கிணற்றில் வெடித்த ஆட்டம்பாம் அங்கே எப்படிக் கேட்கும்? கேட்காத சத்தத்துக்கு அவர் எப்படி மிஸ்டு கால் கொடுப்பார்? மணியடிப்பதற்கு அவ்வளவு யோசித்த இரண்டு விஞ்ஞானிகளும், சோற்றை யார் வைப்பது என்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பாவாடைப் பையில் போன் அதிர்ந்தது. ஜெபிஷா, வாட்ஸப்பில்: 'சக்சஸா?'

'அப்பாவுக்கு கேக்கலடி. மிஸ்டு கால் எப்டி வரும்??'

'அய்யய்யோ.'

கொஞ்ச நேரம் கழித்து: 'நான் ஜெபம் பண்றேன்.' அதோடு ஆளைக் காணோம்.

குருவம்மாள் ஏணியில் இறங்கி வந்தாள். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடாமல், அப்படியே தெருவுக்கு இறங்கினாள். தெருமுனையில் லோடு ஆட்டோக்காரன் இசக்கிப்பாண்டி அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராமுத்தாய் பெட்டியை எடுத்து ரோட்டில் வைக்க ஆரம்பித்தாள், அவனும் சேர்ந்து இறக்கினான். ஆறேழு பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். பிரீத்திகாவும் ஏறினாள்.

சொல்லிவிட வேண்டும். கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிட வேண்டும். அம்மா தெருவில் செருப்பில்லாமல் ஓடியதைப் பார்த்த பிறகு அவளுக்குக் கொடைக்கானலே வேண்டாம் போலிருந்தது. 'அம்மா, அது நான்தான்.' இவ்வளவுதான் வாக்கியம். பரீட்சைக்கு இதைவிடப் பெரியதை எல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"அப்பறம் சொல்லு."

"இல்லம்மா, இப்பவே. அது கம்பெனி இல்லம்மா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல."

குருவம்மாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "ஒன் வாயி பலிக்கட்டும்டி. நீ மகாலட்சுமி."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? மகாலட்சுமி என்று ஒரு முறை ஆகிவிட்ட பிறகு, கிணறு, ஆட்டம்பாம் என்று ஆரம்பித்தால் நன்றாகவா இருக்கும்? லோடு ஆட்டோ குழியில் ஏறி இறங்கியது. அம்மாவின் கை அவள் கையை இறுக்கிய இறுக்கில் விரல் மரத்துப் போனது.

"இருக்கங்குடி மாரியாத்தா" என்று குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "அவுகள உசுரோட கண்ணுல காட்டிரு. எம்மக முடிய இறக்கிப்புடுறேன்."

பிரீத்திகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் முடியா? இடுப்பு வரை வளர்த்து, வாராவாரம் சீயக்காய் தேய்த்து, சீப்பில் ஒரு முடி வந்தால் அழுது வளர்த்த முடியா? அம்மாவுக்கும்தான் முடி இருக்கிறது. நல்ல நீளம். மாரியாத்தா அம்மா முடியை வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்?

"கெடா வெட்டுறேன்னும் சொல்லு குருவு" என்றாள் ராமுத்தாய்.

"கெடாவும் வெட்டுறேன் தாயே. மொதல்ல முடி, அப்பறம் கெடா."

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு வந்தது. லோடு ஆட்டோ ஓரம் ஒதுங்கியது. அது எங்கே போகிறதோ, யாருக்குக் காய்ச்சலோ, யாருக்குப் பிரசவமோ. பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். அந்த அலறலில் பெரிய குரல் பிரீத்திகாவுடையது. வெடித்தது வெறும் ஆட்டம்பாம் என்று அந்த ஆட்டோவில் தெரிந்த ஒரே ஆள், மற்ற எல்லோரையும் அமுக்குகிற மாதிரி "அப்பா!" என்று கத்தினாள். தலைக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. மிஸ்டு கால் வராவிட்டால் அப்பா இல்லை என்று எப்போதோ படித்துவைத்த வயிறு, தான் படித்ததைச் சொன்னது. தவிர, இன்றைக்கென்று பார்த்து நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? பொய்க்கு வைத்த வெடிக்கு நிஜமாகப் பதில் வந்திருந்தால்? அம்மாவின் கையை இப்போது அவள் இறுக்கினாள்.

கம்பெனி கேட் வந்தது. வேப்பமரம், அதன் கீழே வாட்ச்மேன், அவர் கையில் டீ. உள்ளே பொட்டலில் தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகள் எல்லாம் அப்படியே நின்றன.

"என்னக்கா, லோடு ஆட்டோவுல கூட்டமா வந்திருக்கீக? கலியாணமா?" என்றார் வாட்ச்மேன்.

"அவுகளக் கூப்புடுங்க" என்றாள் குருவம்மாள். ஆள் அனுப்பினார்கள். ராமுத்தாயின் மருமகள் முதலில் ஓடிவந்தாள். பின்னாலேயே சோலைமலை, கையெல்லாம் பட்டாசுக்குப் போடும் வெள்ளிமருந்துப் பொடி, முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாச்சு? பாப்பாவுக்கு என்னாச்சு?"

பிரீத்திகா அம்மாவின் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். அவளைப் பார்த்ததும் சோலைமலை வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் என்னவோ ஏதோ என்று இந்தப் பக்கம் ஒரு மனிதர் செத்துப் பிழைத்திருக்கிறார்.

குருவம்மாள் துண்டை உருவி அவர் நெஞ்சில் ஓங்கி அடித்தாள். "ஒரு மிஸ்டு கால் குடுத்தா கையா ஒடிஞ்சிரும்?"

"எதுக்குடி குடுக்கணும்? இங்கன சத்தமே கேக்கலையே."

"ஊரே கேட்டுச்சு. ஒங்களுக்கு மட்டும் காது அடச்சுருச்சோ?"

"எப்புடிக் கேட்டுச்சு? உருண்டுக்கிட்டே போச்சா, ஒத்தையா நின்னுச்சா?"

"ஒத்தையா. தும்முனு."

சோலைமலை தாடையைச் சொறிந்தார். "கம்பெனின்னா ஒத்தையா நிக்காதே. ஒண்ணு புடிச்சா அடுத்ததும் புடிக்குமே." சொல்லிக்கொண்டே, அழுது வீங்கிய மகளின் தலையை வருடினார். பின்னலில் ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தார். விரல்நகம் அளவு கருகிய காகிதம். ஆட்டம்பாம் சுற்றுகிற காகிதம், வெடித்த பிறகு எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர் அவளைப் பார்த்தார். காகிதத்தை விரலிடுக்கில் உருட்டி, கீழே போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

"சரி, வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் வாரேன்" என்றார்.

திரும்பும் வழியில் லோடு ஆட்டோ வேறு வண்டி மாதிரி இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ராமுத்தாய் தன் மருமகளைத் தான் இவ்வளவு நாள் சரியாக நடத்தவில்லை என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வளைவு வருவதற்குள் அதை வாபஸ் வாங்கினாள். குருவம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள். பிரீத்திகா அந்த முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்கக்கூடாது, இன்றைக்கு எதையும் கேட்கவே கூடாது, நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்தக் கொடைக்கானலு என்னைக்கு?" என்றாள் குருவம்மாள். "போயிட்டு வா. இருக்குறவரைக்கும் நல்லது பொல்லாதத பாத்துக்கிற வேண்டியதுதான்."

பொத்தானை மிதிக்காமலே சாப்பாடு விழுந்தது.

"அம்மா..."

"அதுக்கு முன்னாடி இருக்கங்குடிக்குப் போயி முடிய இறக்கிருவோம். மலையில குளிருமே, ஒரு குல்லா வாங்கிக்கிருவோம்."

சொல்ல வேண்டிய வாக்கியம் அவள் வாயில் வந்து, குல்லாவைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜெபிஷாவின் செய்தி, ஜெபம் முடிந்துவிட்டது போலிருக்கிறது: 'என்னாச்சுடி?'

'கொடைக்கானல் ஓகே. மொட்டை.'

'என்ன மொட்டை??'

'எனக்குதான். அப்பாவுக்கு தெரிஞ்சு போச்சு. அம்மாவுக்கு தெரியாது. பரிசும் அடியும் ஒண்ணா விழுந்தா எலி என்ன கத்துக்கும்னு புக்குல போட்டிருக்கா?'

நீண்ட நேரம் கழித்துப் பதில் வந்தது. 'பாத்தேன். அந்தப் பக்கத்த பல்லி முட்ட ஒட்டி பிக்க முடியல.'

வெயில் இறங்குகிற நேரத்தில் சோலைமலை வந்தார். கையில் பார்சல். வாழை இலையும் செய்தித்தாளும் சேர்ந்து சூட்டில் வேர்த்த அந்த வாசனை, அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கூடத்துக்கு வந்துவிட்டது.

"இன்னைக்கு எந்தக் கம்பெனியிலயும் ஒண்ணும் வெடிக்கலையே, எதுக்கு இது?" என்றாள் குருவம்மாள்.

"வெடிக்கலைன்னுதான்" என்றார் அவர். மகளைப் பார்க்கவில்லை.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சோலைமலை அவள் தட்டில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றினார். "தின்னு தாயி." பாசமா, விசாரணையா என்று பிரீத்திகாவுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததால் சாப்பிட்டாள். அவர் இன்னொன்று வைத்தார், அதையும் சாப்பிட்டாள். குற்றவுணர்ச்சியில் சோறு இறங்காது என்று கதைகளில் வருவதெல்லாம் பொரித்த பரோட்டாவைப் பார்க்காதவர்கள் எழுதியதாக இருக்கும். தட்டை வழித்து, விரலை நக்கி, வயிறு தெறித்துவிடும் போல ஆனபோது, இனி தள்ளிப்போட ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. அப்பா எழுந்து கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காத்திருக்கிறார். அவர் சொல்லமாட்டார், அவள்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா, மத்தியானம் கேட்டுச்சுல்ல, அந்தச் சத்தம்..."

'தும்.'

மேற்கே, தூரத்தில். ஜன்னல் கம்பி ஒரு தரம் நடுங்கியது.

குருவம்மாளின் கை, புருஷன் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, தரையில் கிடந்த போனைப் பாய்ந்து எடுத்துவிட்டது. சோலைமலையின் சால்னாக் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கப்போனாரோ தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே, கையில் போனோடு, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"குவாரி வேட்டுடி" என்றார் சோலைமலை, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு. "இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா வச்சுட்டான். கம்பெனி இல்ல."

"கூறுகெட்ட கையி" என்று குருவம்மாள் தன் கையையே திட்டினாள். சட்டையில் சால்னாக் கறையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சோலைமலையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குருவம்மாள் மகள் பக்கம் திரும்பினாள், திரும்பியவள் சிரிப்பை நிறுத்தினாள்.

பிரீத்திகா காலித் தட்டைப் பிடித்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வயிற்றில் கடுகளவும் இடமில்லை, ஆனாலும் நாக்கின் அடியில் ஊற்றுக்கண் திறந்த மாதிரி எச்சில் சுரந்து வாய் நிறைந்துவிட்டது. அதை விழுங்கினாள். விழுங்கிய சத்தம் அந்தக் கூடத்தில் நன்றாகக் கேட்டது. சோலைமலை தலையைக் குனிந்துகொண்டு பார்சல் இலையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

குருவம்மாள் தட்டைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"இப்பத்தானடி வயிறு முட்டத் தின்ன. வேட்டுச் சத்தம் கேட்டா ஒனக்குப் பசிக்குமா?"